சுபேதாரின் டம்ளர்

ஜோதியம்மாளின் கையில் இந்த முறை பை எதுவும் இல்லை.

சுபேதார் பலராமன் அதைத்தான் முதலில் பார்த்தார். லீவு முடிந்து அவர் பட்டாளத்துக்குத் திரும்பும்போதெல்லாம், திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ் நிற்கும் இடத்தில் அவள் வறுத்த வேர்க்கடலையோடு காத்திருப்பாள். பாதி அவருக்கு. பாதி அவருடைய கம்பெனியில் இருந்த அவள் மகன் இருசப்பனுக்கு.

இன்று கடலைக்குப் பதிலாக இளைய மகனை அழைத்து வந்திருந்தாள்.

சடையன். பயிற்சி முடிந்து முதல் முறையாக யூனிட்டுக்குப் போகிறான். அண்ணன் சேர்ந்த அதே பட்டாலியன். அவரைக் கண்டதும் டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக சல்யூட் அடித்தான். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது.

தூறல் விடவில்லை. மலை இருந்த இடத்தில் மேகம்தான் இருந்தது. தீபக் கூட்டத்துக்காகச் சாலையோரம் சவுக்குக் கட்டைகளைத் தடுப்பாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க டம்ளர் பத்தி அண்ணன் சொல்லியிருக்குது சார்," என்றான் சடையன்.

பலராமன் தோள்பையின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டார்.

அந்த டம்ளரைப் பட்டாலியனில் தெரியாதவர் கிடையாது. புதிதாக வந்த சிப்பாய்களை மைதானத்தில் நிறுத்தி, கர்னல் இந்தியில் வரவேற்றுப் பேசுவார். பாதிப் பேருக்குப் புரியாது. பேச்சு முடிந்ததும் பலராமன் வரிசையில் நடந்துகொண்டே ஒவ்வொருவனிடமும் ஊர் கேட்பார். எவனாவது திருவண்ணாமலைப் பக்கம் என்று சொல்லிவிட்டால் நின்றுவிடுவார். தன்னுடைய எனாமல் டம்ளரில் டீ ஊற்றித் தன் கையாலேயே கொடுப்பார். அவன் குடித்து முடித்ததும் கர்னல் பக்கம் திரும்பி, இவன் என் கம்பெனிக்கு என்பார். கர்னல் சிரித்தபடி தலையசைப்பார்.

அந்த டம்ளரில் குடித்தவன் சுபேதாரின் ஆள். அவன்மேல் யாரும் கைநீட்ட மாட்டார்கள். காய்ச்சலில் படுத்தால் பக்கத்தில் ஊர்ப் பேச்சு பேச ஆள் இருக்கும். சுற்று வட்டாரத்தில் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிய தாய்மார்கள் இதை நினைத்துத்தான் தூங்கினார்கள்.

போன வருஷம் பட்டாலியன் இலங்கைக்குக் கப்பல் ஏறியது. பலராமனின் கம்பெனியில் எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள். வழி கேட்க வேண்டும், வீடு வீடாகப் பேச வேண்டும் என்று அந்தக் கம்பெனியைத்தான் எல்லோருக்கும் முன்னால் நடக்கவிட்டார்கள்.

இன்னமும் அதுதான் முன்னால் நடக்கிறது.

"சார், யூனிட்டுக்குப் போய்க் குடுக்கறத இங்கயே குடுத்துடுங்க," என்றான் சடையன். "அங்க போனப்புறம் கர்னலு வேற கம்பெனின்னுட்டா?"

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அண்ணனுக்குக் கொடுத்ததைத் தம்பிக்கு மறுக்க என்ன காரணம் சொல்வது? அதுவும் அவள் முன்னால்?

ஜோதியம்மாளைப் பார்க்காமலேயே தோள்பையைத் திறந்து டம்ளரை எடுத்தார். டீக்கடைப் பலகையில் வைத்தார். விளிம்பில் எனாமல் பெயர்ந்து கறுத்திருந்தது.

"ஏன் சார், நம்ம கட கிளாஸ்ல குடிச்சா துப்பாக்கி சுடாதா?" என்று சிரித்தார் டீக்கடை மண்ணாங்கட்டி. கூடச் சிரிக்க யாரும் இல்லாததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பிக்கு சக்கர ஜாஸ்தியா போடறேன்."

டீ ஆவி பறந்தது. பலராமன் டம்ளரை இரண்டு கைகளாலும் எடுத்து நீட்டினார்.

சடையனும் கையை நீட்டினான்.

அதற்குள் ஜோதியம்மாளின் கை குறுக்கே வந்தது.

டம்ளரை வாங்கிக்கொண்டாள். ஊதவில்லை. விளிம்பில் வாய் வைத்து, அந்தச் சூட்டை நிறுத்தாமல் குடித்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்தாள். கண்களில் நீர் கோத்துக்கொண்டது.

"யம்மா, அது எனக்கும்மா," என்றான் சடையன். அவனுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. முந்தானையால் டம்ளரை உள்ளும் புறமும் துடைத்தாள். பலராமனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"எங்க வூட்ல ரெண்டு பேர் குடிச்சாச்சு சார். போதும்." டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இவன வேற எங்கனா போடச் சொல்லுங்க."

வேலூர் பஸ் வந்து நின்றது. ஜனங்கள் முண்டியடித்தார்கள்.

பலராமன் தலையை மட்டும் அசைத்தார். டம்ளர் இன்னும் கையில் சுட்டுக்கொண்டிருந்தது.

சடையன் ஒன்றும் புரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸின் பின்னேணியில் ஏறினான். மழையில் நனைந்த பெட்டி மூடியில் அவன் பெயர் புது வெள்ளைப் பெயிண்டில் பளிச்சென்று இருந்தது. அதற்கு அடியில், சுரண்டியும் முழுதாகப் போகாமல், இருசப்பன் என்ற பெயர் தெரிந்தது.

போன தை மாதம் இதே இடத்தில், இதே போல் ஒரு பஸ்ஸின் மேலிருந்து அந்தப் பெட்டியை மட்டும் இறக்கி, பலராமன்தான் அவளிடம் கொடுத்திருந்தார்.