பெஞ்சில் ரலிட்சா

"இன்னிக்கும் குழந்தையை ஆட்டத்துல இறக்கலையே இந்த கோச்!"

ஒக்னியான் வாய்விட்டே பொருமினான். மைதானப் படிக்கட்டின் மறுகோடியில் இருந்த தேசிஸ்லாவாவுக்கு அது கேட்டுவிட்டது.

விவாகரத்துக்குப் பிறகு இருவரும் ஒரே இடத்துக்கு வருவது மகள் ரலிட்சாவின் ஆட்டத்துக்கு மட்டும்தான். ப்ளோவ்டிவ் நகரில் சனிக்கிழமைதோறும் ஆட்டம். இவன் ஒரு மூலை, அவள் ஒரு மூலை. பேச்சே கிடையாது.

ஒன்பது வயது ரலிட்சாவுக்குக் கால்பந்துதான் உயிர். கணுக்கால் சுளுக்கி ஒரு வாரம் பெஞ்சில் உட்கார்ந்தாள். சுளுக்கு சரியாகியும் கோச் மெத்தோதி அவளை ஆட்டத்தில் இறக்கவே இல்லை. பெஞ்சுக்கடியில் அவள் கால்கள் மட்டும் இல்லாத பந்தை உதைத்துக்கொண்டிருந்தன.

தேசிஸ்லாவா எழுந்து அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஆளுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? நேத்து எவ்வளவு ஆசையா பூட்ஸைத் துடைச்சு வெச்சா தெரியுமா?"

"வேண்டியவங்க பசங்களா பார்த்து இறக்கறான்."

"போய்க் கேளேன். என்கிட்ட மட்டும்தான் வாய் கிழியும்!"

"நீயும் வா. உன் வாய்க்கு முன்னால நான் எம்மாத்திரம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையிலிருந்த சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை நீட்டினாள்.

அடுத்த சனிக்கிழமையும் கோச்சைத் திட்டினார்கள். அதற்கடுத்த வாரம் தேசிஸ்லாவா பனீட்சா சுட்டுக் கொண்டுவந்தாள். சீஸ் வைத்தது, அவனுக்குப் பிடித்தது. தின்றுகொண்டே திட்டினார்கள். நடுநடுவே வேறு பேச்சும் வந்தது.

கடைசியில் ஒருநாள், ஆட்டம் முடிந்ததும் சேர்ந்தே போய் மெத்தோதியை மறித்தார்கள்.

"எங்க பொண்ணு என்ன பாவம் பண்ணினா?"

"குழந்தை மனசை நோகடிக்கறதுக்கு நீங்கள்லாம் ஒரு கோச்சா?"

மெத்தோதி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். தூரத்தில் பயிற்சிக் கூம்புகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்த ரலிட்சாவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"முதல்ல கால் நல்லாத் தேறட்டும்னு நான்தான் உட்கார வெச்சேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு வாரமும் கூப்பிடத்தான் செய்யறேன். அவதான் மாட்டேங்கறா."

"பொய்! கால்பந்துன்னா உயிரை விடுவா அவ!"

"தெரியும். அவ சொன்னதை அப்படியே சொல்றேன். 'நான் ஆடினா அப்பா ஒரு மூலையில, அம்மா ஒரு மூலையில உட்கார்ந்து என்னை மட்டும் பார்க்கறாங்க. ஆடலேன்னா, பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து உங்களைத் திட்டறாங்க. இன்னும் கொஞ்ச நாளைக்குத் திட்டு வாங்கிக்கறீங்களா, கோச்?'"