விடியுமுன் வரும் கேள்வி

“எவன் கேக்குதான்னு பேரச் சொல்லு. இல்லன்னா இந்தப் பெட்டிய நீயே வச்சுக்க.”

ஜெஃப்ரின் தன் வள்ளத்திலிருந்து கழற்றிய கறுப்புப் பெட்டியை மேசைமேல் வைத்தான். கரையேறிய கையோடு வந்திருக்கிறான். சட்டை இன்னும் ஈரம்.

சர்வருக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்த ரஷ்மி நிமிர்ந்தாள். அவள் கருங்கல்காரி. முட்டம் மீனவர் சங்கத்து அறையில் சர்வர் வைத்துக் கொடுக்க வந்து ஒரு மாதம் ஆகிறது. ஏற்பாடு எளிதுதான். ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு பெட்டி. வள்ளம் நிற்கும் இடத்தை அது அனுப்ப, சர்வரில் உள்ள டேட்டாபேஸ் வாங்கி வைத்துக்கொள்ளும். கரையில் இருப்பவர்கள் வள்ளத்தின் எண்ணைப் போனில் அனுப்பிக் கேட்டால், இன்ன இடத்தில் நிற்கிறது என்று பதில் போகும். போன புயலில் எங்கே தேடுவது என்று தெரியாமலே பறிகொடுத்தவர்களை நினைத்துத்தான் சங்கம் இதில் இறங்கியது.

கெட்டது ரஷ்மியின் வாயால்தான். ஜெஃப்ரினுடைய வள்ளத்தை ஒரு ஆள் தினமும் விடியுமுன் கேட்கிறார் என்று நேற்று அவனிடமே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கடலுக்கடியில் மீன் அடையும் பாறைக்குப் ‘பார்’ என்று பேர். தான் தூண்டில் போடும் பார் இந்தக் கரையில் வேறு ஒருத்தனுக்கும் தெரியாது என்பான் ஜெஃப்ரின். போன வாரம் அந்தப் பக்கம் ஒரு அந்நிய வள்ளம் சுற்றியதாம். நேற்று பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போயிருக்கிறான்.

வீட்டில் யாராவது கேட்டிருப்பார்களோ என்றாள் ரஷ்மி. மனைவியின் போனைப் பிடுங்கிப் பார்த்தாயிற்று, அவள் இல்லை என்றான். கேட்பவர் பேரை வெளியே சொல்வதில்லை என்று சங்கம் வாக்குக் கொடுத்திருக்கிறதே என்று ரஷ்மி இழுத்தாள்.

“அப்போ நீதான் வித்துட்டியா மக்கா? கருங்கல் சந்தையில எம் பாருக்கு என்ன வெல போவுது?”

வாசலில் நின்ற மற்ற வள்ளக்காரர்கள் சிரித்தார்கள். ஜெஃப்ரின் பெட்டி வைக்காவிட்டால் அவர்களும் வைக்கமாட்டார்கள். அடுத்த புயலிலும் இதே கதைதான்.

உள்ளுக்குள் ரஷ்மிக்கும் சந்தேகம் இருந்தது. ஊரில் இத்தனை வள்ளம் இருக்க, கேள்வி வரும் அந்தப் போன் நம்பர் ஒரு நாளும் வேறொன்றைக் கேட்டதில்லை. ஜெஃப்ரின் கடலுக்குப் போகாத நாளில் கேள்வியே வராது. மீன் பிடிக்கும் இடத்தை நோட்டமிடுகிறவன் அல்லாமல் வேறு யார் இப்படிக் கேட்பார்கள்?

பேரைக் கேட்கமாட்டேன், காரணத்தை மட்டும் கேட்கிறேன் என்று சொல்லி, நம்பரைக் கையால் மறைத்துக்கொண்டு தன் போனில் அழைத்தாள். ஜெஃப்ரின் கையைக் கட்டிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றான்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். சங்கத்து அறையிலிருந்து பேசுவதாகச் சொன்னாள் ரஷ்மி.

“ஒரே வள்ளத்த மட்டும் எதுக்குக் கேக்கியோ? அவரு மீன் புடிக்க பார் எங்கன்னு தெரியணுமா?”

அலைக்கு மேல் கூவிப் பழகிய தொண்டை போலும். போனைக் காதோடு ஒட்டி வைத்திருந்தும் பதில் அறை முழுவதும் கேட்டது.

“பாரா? அத அவனுக்குக் காட்டித் தந்ததே நான்தானே மக்கா. இன்னைக்கு வெளுக்கதுக்கு முன்ன கேட்டேன், பதிலு வரல்ல. வீட்டுல அவனுக்க அம்மை ஒரு வாய் காப்பி குடிக்கல்ல. அவன் கர சேந்துட்டானா?”

ஜெஃப்ரினின் கட்டிய கை அவிழ்ந்து தொங்கியது.

“சேந்துட்டாரு” என்றாள் ரஷ்மி.

“அது போதும். நான் கேட்டேன்னு அவன்ட்ட மட்டும் சொல்லிராத மக்கா. அவனுக்கு எங்கிட்ட பேச்சே கெடையாது. அப்பன் தேடுதான்னு தெரிஞ்சா, அந்தப் பெட்டியக் கழத்தி எறிஞ்சிருவான்.”