கண்டக்டர் இல்லாத நிலா பஸ்

வெள்ளிக்கிழமை காலையில் ரோஸ்லின் கணவர் தேவசகாயத்தின் நாவலைத் திறந்தாள். வாசகர் கருத்து வரவர அதற்கேற்பத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் புத்தகம் அது. பூதம் ஓட்டுகிற நிலா பஸ் அப்படியேதான் இருந்தது. கண்டக்டரைத்தான் காணோம்.

அந்தக் கண்டக்டர், இறந்துபோன அவள் தம்பி ஜெரோம். ஒரு பயணிகூட ஏறாத பஸ்ஸிலும், "உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு" என்று கத்திக்கொண்டே இருப்பான். தேவசகாயம் அவனை அச்சு அசலாக எழுதியிருந்தார். இப்போது முதல் பக்கத்தில் 'ஜெரோமுக்கு' என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம்.

"என்னங்க, தம்பியக் காணோமே?"

"புத்தகமே தூக்கிடுச்சு. அவன் வந்தாலே அழுகை வருதுன்னு யாரோ தாமரைன்னு ஒருத்தி எழுதியிருக்கா. சிரிப்பு நாவல்ல அழுகை வந்தா குறையாம். அஞ்சு ஸ்டார் வேற குடுத்திருக்கா, பாவி!"

ரோஸ்லின் புத்தகத்தை மூடினாள். எழுத்தாளர் வீட்டார் கருத்து செல்லாது என்பதால், தாமரை என்ற பெயரில் எழுதியது அவள்தான். பாராட்டத்தான் எழுதினாள்.

அவர் குளிக்கப் போனதும் அதே பெயரில் மறுபடி எழுதினாள்: "அந்தக் கண்டக்டரைத் திருப்பிக் கொடுங்கள். நான் அழுதாலும் பரவாயில்லை."

உடனே புத்தகத்திடமிருந்து பதில் வந்தது.

"அன்புள்ள தாமரை, உங்களை மறுபடியும் அழவைத்ததற்கு வருந்துகிறோம். முதல் பக்கத்தில் இருந்த பெயரையும் நீக்கிவிட்டோம்."