தெளியாத முகம்

“கேமுக்கா தம்பி?” என்று கேட்டார் காலிதீன்.

கல்முனையில் கணினிக் கடை வைத்திருப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. ஆனால் மலிவான புரோசஸரின் வேகத்தை ஏற்றிவிட்டு, விலை கூடியது செய்யும் வேலையை அதனிடம் வாங்கத் தெரிந்தவர் அவர்தான் என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவரேதான்.

“கேம் இல்ல காக்கா. ஒரு வீடியோவப் பெருப்பிக்கணும்” என்றான் பக்கத்துப் பாண்டிருப்பிலிருந்து வந்த கோகிலன்.

அவனோடு வந்த தாய் சீதேவி நாற்காலியின் நுனியில் இருந்தாள்.

வன்னியில் சண்டை முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தொலைக்காட்சிச் செய்தியில் வவுனியா அகதி முகாமைக் காட்டியபோது, தண்ணீர் வரிசையில் நின்ற பெண்பிள்ளை ஒருத்தி ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். அது தன் மகள் தர்சிகா என்கிறாள் சீதேவி.

கோகிலனுக்கு அது வெறும் மங்கல். பதிவைத் தேடி எடுத்து, அந்த முகத்தைப் பெரிதாக்கித் தெளிவாக்கப் பார்க்கிறான். பாதியில் கணினி சூடேறி நின்றுவிடுகிறது. பக்க மூடியைக் கழற்றிவிட்டு, மேசை விசிறியைத் திருப்பி வைத்தும் சரிவரவில்லை. சீதேவி பக்கத்தில் இருந்து ஓலை விசிறியால் அதற்கு விசிறுகிறாள், காய்ச்சல்காரப் பிள்ளைக்கு விசிறுவதுபோல.

முகம் தெளியாவிட்டால் தானே வவுனியாவுக்குப் போய்ப் பார்ப்பதாகச் சொல்லிப் பையையும் கட்டிவிட்டாள்.

கோகிலன் ஓலை விசிறி என்றதும் காலிதீனுக்குச் சிரிப்பு வந்தது. சீதேவியின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு வந்த வழியே போய்விட்டது.

இரண்டு கோர் கொண்ட மலிவான புரோசஸர் ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். இதன் வேகத்தைத் தாராளமாக ஏற்றலாம், ஆனால் வேகம் ஏறினால் சூடும் ஏறும் என்றார். பெட்டியோடு வருகிற சின்ன விசிறி அந்தச் சூட்டுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. செப்புக் குழாய் வைத்த பெரிய விசிறி போட்டால் தாங்கும். கடற்கரை வீடென்றால் உப்புக்காற்று அதையும் அரிக்கும், அடிக்கடி துடைக்க வேண்டும்.

சீதேவி ஒவ்வொன்றுக்கும் “ஓம், ஓம்” என்றாள். துடைக்கிற வேலையைத் தானே பார்ப்பதாகவும் சொன்னாள்.

பேசிக்கொண்டே போனவருக்கு நடுவில் வெட்கமாக இருந்தது. படத்தில் பதியாத முகத்தை எந்தப் புரோசஸராலும் கொண்டுவர முடியாது. எவ்வளவுதான் வேகத்தை ஏற்றினாலும் சின்ன மங்கல் பெரிய மங்கலாகும், அவ்வளவுதான்.

கோகிலனைப் பார்த்தார். அவனுக்கும் அது தெரிந்தேதான் இருந்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு புரோசஸரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

இந்தத் தாயிடம் இதை எந்த வாயால் சொல்வது?

கணினியால் ஆகாததை மனிதர் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. அவருடைய மச்சான் வவுனியா முகாம்களுக்கு லொறியில் சாமான் ஏற்றிப் போகிறவன். பெயரைக் கொடுத்தால் உள்ளே விசாரித்துச் சொல்வான். இப்படி நினைத்ததும் அவருக்கு உற்சாகமே வந்துவிட்டது.

“அக்கா, மகள் வன்னியில எந்த ஊர்ல இருந்தவ? சொல்லுங்க, நான் ஆள் வச்சு விசாரிக்கிறன்.”

கேட்க வேண்டாம் என்று கோகிலன் கையைத் தூக்கினான். அதற்குள் சீதேவி சொல்லத் தொடங்கிவிட்டாள்.

“அவள் வன்னிப் பக்கமே போகல்ல தம்பி. சுனாமி அன்டைக்கு என்ட கையில இருந்துதான் கடல் இழுத்துக்கிட்டுப் போயிட்டு. அப்ப ஏழு வயசு. இப்ப வளந்திருப்பாள்தானே, அதான் முகத்த மட்டுக்கட்ட ஏலாமக் கிடக்கு.”

பெயர் எழுத எடுத்த பேனையைக் காலிதீன் மேசையில் வைத்தார்.

“பெரிய விசிறியையே தாங்க காக்கா, நிக்காம ஓடட்டும்” என்றான் கோகிலன்.