இன்னொரு கோட்டிங்

ஈரம் ஊறிய படுக்கையறைச் சுவரை ஜிப்சம் பலகையால் மூடி பெயிண்ட் அடித்துத் தந்த கான்ட்ராக்டர் செல்லையாவிடம், வசந்தகோகிலா எந்தக் குறையைச் சொன்னாலும் ஒரே பதில்தான்: "இன்னொரு கோட்டிங் அடிச்சா சரியாயிடும்மா." பலகை நடுவில் வயிறு மாதிரி உப்பியிருந்ததற்கும் அதையேதான் சொன்னார். அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "உள்ளே பூரா காலி. சத்தத்தை நீங்களே கேளுங்க" என்று விரலை மடக்கி உப்பிய இடத்தில் டக் டக்கென்று தட்டினாள்.

உள்ளேயிருந்தும் யாரோ டக் டக்கென்று தட்டினார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்தாவது மாடியின் வெட்டவெளி. தூக்கிய கையை இறக்கத் தோன்றாமல் அவரைத் திரும்பிப் பார்த்தாள். செல்லையா திடுக்கிடவே இல்லை. அவசர அவசரமாக ரோலரை வாளியில் முக்கினார். பெயிண்ட் தரையெல்லாம் சிந்தியது.

"மறுபடி தட்டிடாதீங்கம்மா" என்றார், உப்பிய இடத்தில் ரோலரை உருட்டியபடி. "இன்னொரு கோட்டிங் அடிச்சா அடங்கிடும்."