எதிரெதிரே இரண்டு வண்டிகள்

டென்னசி மலையடிவாரத்துச் சபையில் ஆராதனை முடிந்து, கார்கள் நிற்கும் சரளைக்கல் தரையில் அக்டோபர் வெயில் தேனாய்க் கிடக்கிறது. யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று போதகர் இன்று பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். வெர்னாவின் கார் முதுகிலோ எதிர்க்கட்சிக்காரர் பெயர் ஒட்டியிருக்கிறது. இந்தச் சபைப் பாட்டுக்குழுவிலேயே தலை நரைத்தவள், இனி இங்கே வருவதில்லை என்ற முடிவோடு சாவியைத் திருப்புகிறாள். கார் இருமிவிட்டு அடங்குகிறது. கார்க் கண்ணாடிகளில் போதகர் கட்சியின் துண்டுச்சீட்டைச் செருகிக்கொண்டு வந்த சபை மூப்பர் ஹார்லன், மிச்சத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்னால் தன் கட்சிக்காரர் பெயர் ஒட்டிய டிரக்கை அவள் காருக்கு மூக்கோடு மூக்காக நிறுத்தி, தன் பேட்டரியிலிருந்து அவள் பேட்டரிக்கு வயரை மாட்டுகிறார். “உங்க கட்சிக் கரண்டு எனக்கு வேண்டாம்ணே.” “கரண்டு என்ன ஓட்டா போடுது? திருப்பும்மா. நீ வராட்டி மேல்சுருதி யாரு எடுப்பா, நானா? சனம் எழுந்து ஓடிடும்!” வெர்னாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. கார் உறுமி உயிர் பெறுகிறது. இரண்டு வண்டிகளும் முகம் பார்த்து ஒரே தாளத்தில் அதிர்கின்றன. ஒட்டிய பெயர்களெல்லாம் பின்பக்கம்தானே இருக்கின்றன, கண்ணுகளா, இங்கிருந்து தெரிவதில்லை. “புதன்கிழமை பாட்டு ஒத்திகைக்கு வர்றேன்ணே. அந்தச் சீட்டை மட்டும் என் கார்ல செருகாதீங்க.” “செருகினா மட்டும் கேட்டுடவா போறே!”