பூட்டிய பாட்டு

புந்தோங் ஊரில் ஒரு கைப்பேசிக் கடை. மேசை மேல் பூட்டிக்கொண்டு கிடக்கிறது, சர்ச் பாடற்குழுத் தலைவி குழந்தையம்மாளின் கைப்பேசி. கைரேகையில் திறந்து பழகியது, இன்று அணைந்து எழுந்து ரகசிய எண் கேட்கிறது. உள்ளே, போட்டிக்காக நேற்றுப் பதிவு செய்த பாடல். அனுப்ப இன்னும் இருபதே நிமிடம்தான் இருக்கிறது. "பிறந்தநாள் எல்லாம் அடிச்சிட்டீங்க. இன்னும் ஒரே தடவைதான் அக்கா, தப்பாச்சுன்னா எல்லாம் அழிஞ்சிரும்லா," என்கிறான் கடைக்காரன் தௌஃபிக். "இப்பத்தான் ஞாபகம் வருது தம்பி! எனக்குப் புடிச்ச பாட்டோட நம்பரு, முன்னால ஒரு சைபர்." பாட்டுப் புத்தகத்தை விரிக்கிறாள்: 217. அட்டை வெயிலில் பளபளக்கிறது. தௌஃபிக்கின் விரல் அந்தரத்தில் நிற்கிறது. "புத்தகம் புதுசா அக்கா?" "போன ஞாயித்துக்கிழமை கொடுத்தாங்க." "இந்த லோக் நம்பர் எப்ப வச்சீங்க?" "போன வருஷம்..." அவள் வாய் பிளக்கிறது. பழைய புத்தகத்தில் அந்தப் பாட்டுக்கு வேறு எண்! கண்ணை மூடுகிறாள். பீடத்தருகே நிற்பதுபோல் நிமிர்ந்து, தெருவே திரும்பிப் பார்க்கக் கணீரென்று அறிவிக்கிறாள்: "பாட்டு நம்பர் நூத்தி எழுபத்தி மூணு!" விரல் நான்கு முறை தட்டுகிறது. திரை மலர்கிறது. "எல்லாரும் எழுந்து நிக்கணுமா அக்கா?" என்கிறான் தௌஃபிக்.